யானை விலையும் தீனி விலையும்

கே: அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ‘ஹெவி டியூட்டி பிக்கப்’ வாங்கப் போகிறானாம். நம்ம ஊர் டாடா ஏஸுக்கு அது அண்ணனா? – வாசகர், நாமக்கல்

ப: கொள்ளுத்தாத்தா! ஃபோர்டு எஃப்-250, எஃப்-350. ராம் 2500, 3500. ஷெவ்ரலே சில்வராடோ 2500, 3500. அதன் இரட்டைப் பிறவி ஜி.எம்.சி. சியரா. வம்சம் அவ்வளவுதான். வண்டியும் பாரமுமாகச் சேர்த்து ஏறக்குறைய நாலரை டன்னில் ஆரம்பிக்கும். பின்பக்கம் நாலு சக்கரம் வைத்த 3500, தக்க கொக்கி இருந்தால் 30,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும்.

உங்கள் ஊர் லாரிக்காரர் டீசல், டயர், வட்டி, எஃப்.சி. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். மருமகனும் அதைச் செய்தால் போதும்.

கே: இந்த வண்டியை வைத்துக் காப்பாற்றுவதில் பெரிய செலவு எது? எரிபொருளா, ரிப்பேரா? – வாசகர், ஹூஸ்டன்

ப: அவை இரண்டுக்கும் ரசீது வருகிறது, அதனால் கண்ணில் படுகிறது. பெரிய செலவு ரசீது தராது. அதன் பெயர் தேய்மானம். புது வண்டி முதல் மூன்று நான்கு ஆண்டில் இழக்கும் மதிப்பில் நல்ல சின்னக் கார் ஒன்று வாங்கிவிடலாம்.

அடுத்த இடம் வட்டிக்கு. 60,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி, 72 மாதத் தவணை என்று வையுங்கள். மாதம் சுமார் 1,052 டாலர். முடியும்போது வட்டியாக மட்டும் போனது ஏறக்குறைய 15,700. யானை விலையில் 500 டாலர் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறவர்கள், தீனி விலையை அரை நிமிடம்கூட விசாரிப்பதில்லை.

கே: டீசல் எஞ்சினுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதல் என்கிறார் டீலர். மைலேஜிலேயே திரும்பி வந்துவிடும் என்றும் சொல்கிறார். உண்மையா சார்? – வாசகர், டாலஸ்

ப: வரும். உங்கள் பேரன் ஓட்டும்போது.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் வண்டி காலனுக்கு 11 மைல், டீசல் 15 மைல். பெட்ரோல் 3.10 டாலர், டீசல் 3.70 என்று எடுத்துக்கொள்வோம். மைலுக்குப் பெட்ரோல் 28 சென்ட். டீசல், அதோடு ஊற்றும் யூரியாத் திரவம் இரண்டும் சேர்த்து 25 சென்ட். மிச்சம் 3 சென்ட். 10,000 டாலரை 3 சென்ட்டால் வகுத்தால் 3,33,000 மைல். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் 22 வருடம்.

உங்கள் ஊர் பங்க் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். டீலர் வகுக்க மாட்டார்.

கே: அப்படியானால் டீசல் வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாளிகளா? – வாசகர், சான் அன்டோனியோ

ப: இல்லவே இல்லை. ட்ரெய்லரை மாட்டியதும் கணக்கு தலைகீழாகிவிடும். கனமான பாரத்தோடு பெட்ரோல் வண்டி 7 மைலுக்கு இறங்கும். டீசல் 10, 11-இல் நிற்கும். மிச்சம் மைலுக்கு 8 சென்ட் ஆகிவிடுகிறது. 1,25,000 மைலில் முதல் திரும்பும். விற்கும்போது அந்த 10,000-இல் பாதி கிடைத்தாலே போதும், 62,500 மைலில் கணக்கு நேர்.

வாரம் 500 மைல் குதிரை வண்டியோ, வைக்கோல் கட்டோ, மண்வெட்டும் எந்திரமோ இழுப்பவருக்கு அது இரண்டரை வருட வேலை. அவருக்கு டீசல்தான் சரி. மற்றவர்களுக்கு அது சத்தம்.

கே: காட்சியறையில் நிற்கும் எஃப்-250-இன் கண்ணாடியில் மைலேஜ் சீட்டே இல்லையே, ஏன்? – வாசகர், அட்லான்டா

ப: மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கு அந்தச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்தக் கம்பெனி பதில் சொல்லும்? அதே வண்டி வைத்திருக்கும் மூன்று பேரை நீங்கள் கேளுங்கள். அதில் ஒருவர் ட்ரெய்லர் இழுப்பவராக இருக்கட்டும்.

கே: பவர் ஸ்ட்ரோக், கம்மின்ஸ், டியூராமேக்ஸ். மூன்றில் எது உசத்தி? – வாசகர், சார்லட்

ப: இந்தக் கேள்விக்கு டெக்சஸில் அடிதடியே நடக்கும். நான் செலவை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

கம்மின்ஸ் நேர்வரிசையில் ஆறு சிலிண்டர். சிலிண்டர் ஹெட் ஒன்றுதான். மற்ற இருவருக்கும் வி-8, ஆகவே ஹெட் இரண்டு. கம்மின்ஸ் 1989 மாடல் முதல் டாட்ஜ், ராம் பிக்கப்பில் இருக்கிறது. ஃபோர்டு தன் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கை 2011 மாடலில் சொந்தமாகச் செய்து இறக்கியது. அதற்கு முன் நாவிஸ்டார் செய்து கொடுத்தது. டியூராமேக்ஸ் 2001-இல் வந்தது, ஜி.எம்.மும் இசுசுவும் சேர்ந்து ஒகாயோவில் செய்தது. நம்ம ஊரில் டி-மேக்ஸ் பிக்கப் விற்கும் அதே இசுசு.

இன்றைய தேதியில் மூன்றுமே நல்ல எஞ்சின். எந்த ஆண்டில் செய்தது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கே: எந்த ஆண்டு வண்டியைக் கண்டால் ஓட வேண்டும்? – வாசகர், டெட்ராய்ட்

ப: 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசல். ஆயில் கூலர் அடைக்கும், அதனால் இ.ஜி.ஆர். கூலர் வெடிக்கும், அதனால் ஹெட் கேஸ்கெட் போகும். சங்கிலியாக வரும் செலவு. பல வேலைகளுக்கு வண்டியின் கேபினையே தூக்கி மேலே நிறுத்திவிட்டுத்தான் மெக்கானிக் உள்ளே கை வைக்க முடியும். ஃபோர்டும் நாவிஸ்டாரும் 2007-இல் கோர்ட்டுக்கே போனார்கள், 2009-இல்தான் சமாதானம்.

செய்தவர்களே சண்டை போட்ட எஞ்சினை நீங்கள் ஏன் தத்தெடுக்க வேண்டும்?

கே: 2003 டியூராமேக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது மாமா. – வாசகர், நாஷ்வில்

ப: இன்ஜெக்டர் மாற்றிய ரசீதைக் கேள் தம்பி. 2001-இல் இருந்து 2004 வரை வந்த முதல் தலைமுறையில் இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், கெட்டுப்போவதும் அவைதான். ஜி.எம். அதற்கு மட்டும் உத்தரவாதத்தை 7 வருடம், 2,00,000 மைல் என நீட்டிக் கொடுத்தது. அந்த உத்தரவாதம் என்றோ முடிந்துவிட்டது. ரசீது இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் அந்தச் செலவையும் விலையில் கழி.

கே: ‘சி.பி.4’ என்றாலே டீசல்காரர்கள் நடுங்குகிறார்களே? – வாசகர், டென்வர்

ப: நியாயமான நடுக்கம். பாஷ் கம்பெனியின் உயர் அழுத்த எரிபொருள் பம்பு அது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. ஐரோப்பிய டீசலுக்கான தேய்மான வரம்பு 460 மைக்ரான், அமெரிக்காவில் 520. வறண்ட டீசல் என்று அர்த்தம். பம்பு தேய்ந்து உடைந்தால் இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை எல்லா இடத்துக்கும் போய்விடும். குழாய், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டும். பில் 10,000 டாலரைத் தொடும்.

2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ், 2019, 2020 ராம், 2011 முதல் வந்த ஃபோர்டு டீசல்கள் இதைச் சுமந்தன. ஜி.எம். 2017-இல் டென்சோ பம்புக்கு மாறிவிட்டது. ராம் 2021-இல் பழைய சி.பி.3-க்கே திரும்பி, விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்தது.

உங்களிடம் இருப்பது சி.பி.4 என்றால், துகளை டேங்குக்கே திருப்பிவிடும் சிறு கருவி சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. பம்பு சாவதை அது தடுக்காது. இன்ஜெக்டர்கள் உடன்கட்டை ஏறுவதைத் தடுக்கும்.

கே: ராம் 2500 கம்மின்ஸ், 2015 மாடல். எஞ்சின் பத்து லட்சம் மைல் ஓடும் என்கிறார் விற்பவர். – வாசகர், ஃபீனிக்ஸ்

ப: எஞ்சின் கடைசிவரை வரலாம், கியர்பாக்ஸ் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். 2500-இல் வந்த 68ஆர்எஃப்இ ஆறு கியர் பெட்டிக்கு அந்தப் பெயர் உண்டு. 3500-இல் கூடுதல் சக்தி எஞ்சினோடு வந்த ஐசின் பெட்டி கெட்டியானது. 2025 மாடலில் ராம் எட்டு கியர் பெட்டிக்கு மாறிவிட்டது. விற்பவர் எஞ்சினைப் பற்றியே பேசினால், நீங்கள் கியர் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள்.

கே: ஜி.எம். கியர்பாக்ஸ் மட்டும் யோக்கியமா? – வாசகர், சிகாகோ

ப: பழைய ஆறு கியர் அலிசனுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். 2020-இல் வந்த பத்து கியருக்கு உட்கார்ந்தபடிதான். வால்வு தேய்ந்து பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்று 2020 முதல் 2022 வரையிலான டீசல் வண்டிகள் சுமார் 4.6 லட்சத்தை ஜி.எம். 2024-இல் திரும்ப அழைத்தது. அந்த வயதுப் பழைய வண்டி வாங்குகிறவர்கள், சரிசெய்தாயிற்றா என்று வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். இலவசம்.

கே: ஆயில் மாற்ற எவ்வளவு ஆகும்? – வாசகர், ராலே

ப: ஃபோர்டு 6.7 டீசல் 13 குவார்ட் குடிக்கும். கம்மின்ஸ் 12, டியூராமேக்ஸ் 10. ஃபோர்டின் 7.3 பெட்ரோல் 8. டீசலுக்கு எரிபொருள் ஃபில்டர் தனிச்செலவு. அதைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்தால், மூன்று கேள்விக்கு முன்னால் சொன்ன சி.பி.4 பம்பு பில் வரலாம்.

கே: டீசல் வண்டியில் யூரியா ஊற்றுகிறார்களாமே? வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? – வாசகர், தஞ்சாவூர்

ப: ஊற்றலாம். அதன்பிறகு வண்டியையும் வயலிலேயே விட்டுவிடலாம்.

ரசாயனம் ஒன்றுதான், சுத்தம்தான் வேறு. 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் உடைப்பது அதன் வேலை. உர யூரியாவில் உள்ள அழுக்கு, ஆயிரக்கணக்கான டாலர் பெறும் வினையூக்கியைக் கொன்றுவிடும். காலன் சில டாலருக்குச் சுத்தமாகவே விற்கிறார்கள், அதை வாங்குவதுதான் சிக்கனம்.

கே: அந்தப் புகைச் சாமான்களை எல்லாம் கழற்றி எறிந்தால் மைலேஜ் கூடும், ரிப்பேர் குறையும் என்கிறான் என் நண்பன். – வாசகர், டல்சா

ப: கூடவே சட்டச் சிக்கலும் மறுவிற்பனைச் சிக்கலும் கூடும் என்பதைச் சொன்னாரா? கழற்றுவதைத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கை வைத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் கணக்குச் சொன்னது. அந்த நச்சுப் புகை போவது பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான். உங்கள் மிச்சத்துக்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரல் பில் கட்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கே: தனிமனிதனைச் சொல்கிறீர்களே, கம்பெனிகள் ஒழுங்கா? – வாசகர், இண்டியானாபொலிஸ்

ப: நல்ல அடி. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்கப்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற வழக்கில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது. தூய காற்றுச் சட்ட வரலாற்றிலேயே பெரிய சிவில் அபராதம். கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தை ஒப்புக்கொண்டது.

கே: வீட்டிலிருந்து அலுவலகம் 6 மைல். டீசல் வாங்கலாமா? – வாசகர், ஆஸ்டின்

ப: கூடாது. புகைவடிகட்டி தன்னில் சேரும் கரியை எரித்துக்கொள்ள நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். ஆறு மைலில் எஞ்சின் சோம்பல் முறிப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். கரி சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும், பணிமனைக்காரர் பிள்ளை நல்ல கல்லூரியில் படிக்கும்.

கே: பெட்ரோல் என்றால் எதை வாங்க? – வாசகர், டாம்பா

ப: ஃபோர்டின் 7.3 லிட்டர். 2020-இல் வந்தது, பட்டப்பெயர் காட்ஸில்லா. டர்போ இல்லை, யூரியா இல்லை, கரி வடிகட்டி இல்லை. கெட்டுப்போக ஆள் குறைவு. ஜி.எம்.மின் 6.6 பெட்ரோலும் அதே எளிய ஜாதி. பெட்ரோல் பங்கில் மட்டும் தாராளமாகக் குடிக்கும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கே: டீசல் விலை ஏன் எப்போதும் பெட்ரோலுக்கு மேலேயே? – வாசகர், சியாட்டில்

ப: மத்திய வரியே காலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4. தவிர லாரி, ரயில், டிராக்டர் எல்லாமே அதே டீசலுக்குத்தான் வரிசையில் நிற்கின்றன. நீங்கள் வரிசையில் கடைசி ஆள்.

கே: என் கணவர் வருடத்துக்கு இரண்டுமுறை படகு இழுக்க எஃப்-350 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். – வாசகி, ஆர்லாண்டோ

ப: படகு, ட்ரெய்லர் இரண்டின் எடையையும் கேளுங்கள் அம்மா. 5,000 பவுண்டுக்குள் என்றால் சரியாகத் தேர்ந்தெடுத்த எஃப்-150 போதும். அதுவும் வேண்டாம், அந்த இரண்டு நாளுக்கு வாடகை வண்டி எடுக்கலாம். மீதி 363 நாள் தவணை மிச்சம். இன்னொரு காலையும் ஊன்றச் சொல்லுங்கள்.

கே: எஃப்-250-ஆ, எஃப்-350-ஆ? – வாசகர், கன்சாஸ் சிட்டி

ப: கதவுச் சட்டத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டைப் படியுங்கள். டீசல் எஞ்சினே சில நூறு பவுண்டு கூடுதல், அது உங்கள் சுமைக் கணக்கில்தான் கழியும். 10,000 பவுண்டு வரம்போடு வரும் டீசல் எஃப்-250-இல் குடும்பமும் ட்ரெய்லரின் மூக்கு எடையும் ஏறியதும் பாத்திரம் நிரம்பிவிடும். எஃப்-350-க்கு விலை வித்தியாசம் சொற்பம், சுமைத் தகுதி வித்தியாசம் பெரிது. ஆனால் 10,000 பவுண்டைத் தாண்டினால் சில மாநிலங்களில் பதிவுக் கட்டணம் ஏறும். முதலில் உங்கள் மாநிலக் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

கே: கலிஃபோர்னியாவில் என் பிக்கப்புக்கு வணிக எண் பலகை தந்திருக்கிறார்கள். நான் வியாபாரியே இல்லையே? – வாசகர், ஃப்ரீமான்ட்

ப: அங்கே பிக்கப் என்றாலே வணிக வண்டி. எடைக்கட்டணமும் உண்டு. வியாபாரம் செய்யாமலே வியாபாரியாக்கும் மாநிலம்.

கே: 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி வாங்கினால் முழு விலையையும் வரியில் கழிக்கலாமாமே? – வாசகர், நியூ ஜெர்சி

ப: தொழிலுக்குப் பாதிக்கு மேல் உபயோகித்தால், அந்த அளவு விகிதத்துக்குக் கழிக்கலாம். பெரிய எஸ்.யூ.வி.க்கு உள்ள உச்சவரம்பு, ஆறு அடிக்குக் குறையாத தொட்டி வைத்த பிக்கப்புக்குக் கிடையாது. கனரகப் பிக்கப் எல்லாமே அந்த அளவைத் தாண்டும்.

ஆனால் கழிவு வேறு, இலவசம் வேறு. நீங்கள் 24 சதவீத வரிப்படியில் இருந்தால், செலவழிக்கும் ஒவ்வொரு டாலரிலும் அரசு விட்டுக்கொடுப்பது 24 சென்ட். மீதி 76 சென்ட் உங்கள் சட்டைப்பையில் இருந்துதான். வேலைக்கு வண்டி தேவைப்பட்டு வாங்கினால் வரிச்சலுகை வரவு. சலுகைக்காக வாங்கினால் செலவு.

கே: கிங் ராஞ்ச், டெனாலி மாதிரி விலை உயர்ந்த மாடல் எல்லாம் எதற்கு? – வாசகர், கொலம்பஸ்

ப: உட்காருவதற்கு. அடிமட்ட மாடலுக்கும் உச்ச மாடலுக்கும் 30,000 டாலருக்கு மேல் வித்தியாசம் வரும். அதே எஞ்சினை அடிமட்ட மாடலிலும் பொருத்தித் தருவார்கள். ட்ரெய்லருக்குத் தோல் இருக்கை தெரியாது.

கே: டொயோட்டா ஏன் இந்தப் பந்தியில் உட்காரவில்லை? – வாசகர், கொழும்பு

ப: கோழியும் ஒரு காரணம். ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டார்கள். பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் இறக்குமதி ட்ரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார். கோழிச் சண்டையை ஊரே மறந்துவிட்டது, வரி மட்டும் சாகவில்லை. டொயோட்டா டெக்சஸிலேயே டன்ட்ரா செய்கிறது. ஆனால் அது எஃப்-150 வகுப்பு. போட்டியாளர் மூவரே என்றால் விலை எப்படி இறங்கும்?

கே: 60 மைல் வேகத்தில் ஸ்டீயரிங் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது! – வாசகர், சால்ட் லேக் சிட்டி

ப: மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஃபோர்டு, ராம் இரண்டுக்கும் நாலு சக்கர இயக்க வண்டிகளில் முன்னால் ஒரே தண்டாக அச்சு. ட்ராக் பார் புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்தால் இந்த ஆட்டம் வரும். டேம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் ஒளிந்துகொள்ளும், போகாது. தேய்ந்ததை மாற்றச் சொல்லுங்கள். ஜி.எம். முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை, இந்த ஆட்டம் அதற்கு இல்லை. டை ராடு செலவு உண்டு.

கே: இரட்டைச் சக்கர வண்டியில் என்ன கூடுதல் செலவு? – வாசகர், ஒமாஹா

ப: ஆறு டயர். தானியங்கிக் கார் கழுவும் இடத்தில் பெரும்பாலும் நுழைய முடியாது. இரண்டையும் சகித்துக்கொள்ளும் அளவு பாரம் இருந்தால் வாங்குங்கள்.

கே: 60,000 மைல்தான் ஓடியிருக்கிறது, விலையும் நியாயம். வேறு என்ன பார்க்க? – வாசகர், மிட்லேண்ட்

ப: எஞ்சின் ஓடிய மணிநேரம். வண்டியின் திரையிலேயே காட்டும். 60,000 மைலுக்கு 1,800 மணி என்றால் சராசரி 33 மைல் வேகம், பரவாயில்லை. 4,000 மணி என்றால் சராசரி 15. எண்ணெய்க் கிணற்றடியில் ஏ.சி. போட்டு நிறுத்தி வைத்த வண்டி அது. மைல் சொல்வது பாதி வயது, மணி சொல்வது மீதி.

கே: வடக்கு வண்டியா, தெற்கு வண்டியா? – வாசகர், பஃபலோ

ப: தெற்கு. உங்கள் ஊரில் பனிக்கு உப்புப் போடுகிறார்கள். எஞ்சின் மூன்று லட்சம் மைல் ஓடத் தயாராக இருக்கும்போது சட்டகம் மக்கிப் போயிருக்கும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கே: எத்தனை வருடம் வைத்திருந்தால் கட்டுப்படியாகும்? – வாசகர், மினியாபொலிஸ்

ப: கடனை அடைத்த பிறகு அடைத்த காலத்துக்குச் சமமாக. ஆறு வருடத் தவணை என்றால் பன்னிரண்டு வருடம். மாதத் தவணை நின்றதும் அதில் பாதியை ரிப்பேருக்கு என்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஃபோர்டு 6.7 டீசல் எஞ்சினுக்கு உத்தரவாதம் 5 வருடம், 1,00,000 மைல். அதற்குப்பின் உங்கள் உத்தரவாதம் அந்தக் கணக்குதான்.

கே: நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் மாமா. கடைசியாக ஒரு வார்த்தை? – வாசகர், ஹூஸ்டன்

ப: நாளைக்குப் போடாதே. இழுக்கப்போகும் ட்ரெய்லரை, தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஏற்று. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். அந்தச் சீட்டோடு டீலரிடம் போ. 10,000 பவுண்டுக்குக் கீழே, எப்போதாவது இழுப்பதென்றால் பெட்ரோல். அதற்கு மேலே, வாராவாரம் என்றால் டீசல். சீட்டில் இருக்கும் எடையைப் பார்த்து வாங்கு, பக்கத்து வீட்டுக்காரர் வாசலைப் பார்த்து வாங்காதே.